தூண்டில் பழகத் தொடங்குவது எங்கே: வாவியிலா, கடற்கரையிலா, குளத்திலா, படகிலா?

தூண்டில் பழக ஆசைப்படுகிறவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, "எந்தக் கம்பு வாங்கலாம்?" என்பதுதான். கடையில் அதற்கு உடனே பதில் கிடைத்துவிடும்; பொருளும் கைக்கு வந்துவிடும். கல்குடாக் கடற்கரையில் வீசுவதற்கென்று வாங்கிய பன்னிரண்டு அடிக் கம்பைக் கண்டல் மரங்களுக்கிடையே திருப்பக்கூட முடியாது என்பது பிறகுதான் தெரியும். குளத்துத் திலாப்பியாவுக்குப் பொருந்தும் மெல்லிய நூலைக் கொடுவா ஒரே உதறலில் அறுத்துக்கொண்டு போய்விடும். ஆகவே கம்பு இரண்டாவது கேள்வி. எந்த நீரில், எந்த மீனுக்கு, எந்த மாதத்தில் தொடங்குவது என்பதே முதற்கேள்வி.

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் இருப்பவர்களுக்கு உவர்நீர் வாவி, திறந்த கடற்கரை, நன்னீர்க் குளம், கடலுக்குப் போகும் படகு ஆகிய நான்கும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன. எங்கே தொடங்குவது என்ற குழப்பமும் அதனால்தான் வருகிறது. என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பங்குனிக்கும் புரட்டாதிக்கும் இடையில் தொடங்குகிறவர் வாவியில் தொடங்க வேண்டும். சிறுபிள்ளைகளோடு பழகுகிறவருக்கும், அம்பாறை நகரம், உகனை போல உள்நாட்டில் வாழ்கிறவருக்கும் குளம் பொருந்தும். கடற்கரை இரண்டாவது ஆண்டுக்கு உரியது. படகு, கூட்டிப்போக அனுபவமுள்ள ஒருவர் இருந்தால் மட்டும்.

மாதக் கணக்கை இங்கே தவிர்க்க முடியாது. மேற்குக் கரை மீனவர்களின் நாட்காட்டியை நம் பக்கத்துக்குக் கொண்டுவந்தால் எல்லாமே தலைகீழாகும். அங்கே வைகாசி முதல் ஆவணி வரை கடல் கொந்தளிக்கும். இங்கே அதே மாதங்களில்தான் கடல் இறங்கிப் போக இடம் கொடுக்கும். நமக்கு வாடைக்காற்றும் மாரியும் கார்த்திகை, மார்கழி, தை மாதங்களில் வருகின்றன. 1978 நவம்பர் 23 அன்று மட்டக்களப்பைச் சிதைத்த சூறாவளி இந்தப் பருவத்தில்தான் வந்தது. பங்குனியில் கடல் அடங்கும். வைகாசியிலிருந்து கச்சான் காற்று தரைப்பக்கமிருந்து வீசும். அது கரையோர அலையைத் தட்டையாக்கிவிடுவதால் கரையில் நிற்பவருக்கு நல்லது. சிறிய வள்ளத்தில் இருப்பவரை அதே காற்று வெளியே தள்ளிக்கொண்டு போகும். ஒரே காற்று ஒரு தெரிவுக்கு உதவியாகவும் இன்னொன்றுக்கு ஆபத்தாகவும் இருக்கிறது என்பதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

வாவியை முதலிடத்தில் வைப்பதற்குக் காரணம், ஒரே இடத்தில் அது பலவற்றைக் கற்றுத்தருகிறது என்பதே. வடக்கிலிருந்து தெற்கே ஏறக்குறைய 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கும் மட்டக்களப்பு வாவிக்குக் கடலோடு இரண்டு வாய்கள்தான் உண்டு. ஒன்று பாலமீன்மடுவுக்கு அருகே உள்ள முகத்துவாரம், மற்றது கல்லாற்றுப் பக்கம். முகத்துவாரத்துக்கு அருகில் நீர் உப்பு. தெற்கே போகப் போக, அதிலும் மாரி மழைக்குப் பிறகு, நன்னீர் போலாகிவிடும். அதனால் கல்லடிப் பக்கம் கொடுவா, செப்பலி, பாரைக்குஞ்சு கடிக்கும்போது, தெற்கு முனையில் திலாப்பியாவும் கெளுத்தியும் கடிக்கும். நீரைக் கையில் அள்ளி நாவில் வைத்துப் பார்த்தாலே எந்த மீனுக்கு நிற்கிறோம் என்பதில் பாதி தெரிந்துவிடும்.

இன்னொன்று வற்றுப் பெருக்கு. வெளிநாட்டுக் காணொளிகளில் "பெருக்கு ஏறத் தொடங்கி ஒரு மணி நேரத்தில் போடுங்கள்" என்று சொல்வார்கள். நமது கரையில் வற்றுக்கும் பெருக்குக்கும் இடையிலான உயர வேறுபாடு ஒரு மீற்றரைக்கூட எட்டாது. வறண்ட மாதங்களில் மணல் திட்டு முகத்துவாரத்தை அடைத்துவிட்டால் அந்தச் சிறிய ஏற்ற இறக்கமும் வாவிக்குள் வராது. அப்போது நீரை அசைப்பது காற்று மட்டுமே. காற்று எந்தக் கரையில் நீரைக் குவிக்கிறதோ அந்தக் கரையில் சிறு மீன் கூடும், அதன் பின்னால் பெரிய மீன் வரும். கிழக்கே எழுவான்கரையில் நிற்பதா மேற்கே படுவான்கரையில் நிற்பதா என்பதை அன்றைய காற்றைப் பார்த்துத் தீர்மானிப்பது, எந்த அட்டவணையையும் விட உதவும்.

வாவிக்கான தூண்டில் அமைப்பு எளியது. நடுவே துளையுள்ள ஒரு ஈயக்குண்டை நூலில் கோர்த்து ஓட விடுங்கள். அதற்குக் கீழே ஒரு சுழல் வளையம். வளையத்திலிருந்து ஒன்றரை முழ நீளத்துக்குத் தடித்த தங்கூசி (ஒற்றை இழை நைலோன் நூல்), அதன் நுனியில் முள். மீன் இரையை எடுத்துக்கொண்டு நகரும்போது ஈயம் தரையிலேயே கிடக்கும். நூல் மட்டும் குண்டின் துளைக்குள்ளால் ஓடும். பாரத்தை உணராத மீன் இரையைத் துப்பாது. கொடுவாவின் செவுள் மூடியின் விளிம்பு வெட்டும், வாயும் அரம் போல உராயும். அதனால்தான் முள்ளுக்கு மேலே தடித்த துண்டு. இரைக்கு உயிர் இறால் வேண்டும். இறாலின் தலைக்குள் கறுப்பாகத் தெரியும் புள்ளியைத் தொடாமல், அதற்கு முன்னே கொம்புக்கு அடியில் முள்ளைக் கோர்த்தால் இறால் நெடுநேரம் நீந்திக்கொண்டிருக்கும். அந்தப் புள்ளியில் குத்தினால் உடனே செத்துவிடும். செத்த இறாலைக் கெளுத்திதான் தேடி வரும்.

முள் வாங்கும்போது எண்ணில் ஏமாறாதீர்கள். வெறும் எண் என்றால் எண் கூடக் கூட முள் சிறியது: 10 என்பது 6ஐ விடச் சிறியது. எண்ணுக்குப் பின்னால் சாய்கோடும் பூச்சியமும் இருந்தால் கணக்கு மாறும்: 1/0ஐ விட 4/0 பெரியது. திலாப்பியாவுக்கு 8 அல்லது 10 போதும். வாவியின் செப்பலி, கொடுவாவுக்கு 1/0 அல்லது 2/0. மீனைத் திரும்ப விட நினைப்பவர்கள் நுனி உள்நோக்கி வளைந்த வட்ட முள்ளைத் தேர்ந்தெடுக்கலாம். அதற்குக் கம்பை வெடுக்கென்று இழுக்கக் கூடாது. மீன் நூலை இறுக்கும் வரை பொறுத்து ரீலை மட்டும் சுற்றினால், முள் தொண்டைக்குள் போகாமல் வாயின் ஓரத்தில் பிடித்துக்கொள்ளும்.

கொடுவாவைப் பற்றி ஒரு சொல் கூடுதலாகச் சொல்ல வேண்டும். இந்த மீன் ஆணாக முதிர்ந்து, சில ஆண்டுகள் கழித்துப் பெண்ணாக மாறும். ஒரு மீற்றரைத் தாண்டிய பெரிய கொடுவா அநேகமாகப் பெண். முட்டையிடுவதற்கு அது உப்பு நீருக்குத்தான் வரும். மாரியில் முகத்துவாரம் வெட்டப்படும் நாட்களில் வாய்ப்பகுதியில் கூடும் பெரிய மீன்களைக் குறிவைத்துப் பிடித்துத் தள்ளினால், நாம் எடுப்பது அடுத்த ஆண்டுகளின் வாவியை. படம் எடுத்துவிட்டு விட்டுவிடுங்கள். நடுத்தர மீன் கறிக்கும் நல்லது. இதில் எனக்கு விட்டுக்கொடுப்பு இல்லை.

வாவிக்கு இரண்டு குறைகள் உண்டு. ஒன்று முதலை. பொழுது சாயும் நேரத்தில் இடுப்பளவு நீரில் இறங்கி நிற்பதும், கண்டல் ஓரத்தில் குந்தியிருந்து மீன் கழுவுவதும் வேண்டவே வேண்டாம். கல்லடிப் பழைய பாலம் போல நீருக்கு மேலே உயர்ந்து நிற்கும் இடங்களிலிருந்து பழகுங்கள். மற்றது வலை. வாவியை நம்பி வாழும் குடும்பங்கள் அந்தியில் வலை கட்டி விடியலில் எடுக்கிறார்கள். அவர்களின் மிதப்புகளுக்கு குறுக்கே நூலை எறிந்தால் வலையும் கிழியும், உறவும் கிழியும். தோணியில் வருகிறவரிடம் "அண்ணன், வலை எந்தப் பக்கம் கிடக்கிறது?" என்று கேட்டால், அவர் வலையையும் காட்டுவார், மீன் நிற்கும் இடத்தையும் காட்டுவார். சில இடங்களில் மாரிக்குப் பிறகு ஆற்றுவாழை மிதந்து வந்து கரையை மூடிவிடும். அந்த நாட்களில் அவ்விடத்தில் மெனக்கெடுவதில் பயனில்லை.

குளத்தைப் பார்ப்போம். இலங்கைக் குளங்களுக்குத் திலாப்பியா 1952இல் கொண்டுவரப்பட்டது. இன்று உன்னிச்சை, நவகிரி, சேனநாயக்க சமுத்திரம் என்று எங்கும் அதுதான் முதன்மை மீன். தாய் மீன் முட்டைகளையும் குஞ்சுகளையும் வாய்க்குள் வைத்துக் காப்பதால் அது பெருகிக்கொண்டே இருக்கிறது. பழகுகிறவருக்கு இது பெரிய ஆறுதல்: முதல் நாளே ஏதாவது கடிக்கும். மெல்லிய நூல், மிதப்பு, மிதப்புக்குக் கீழே மிளகு அளவு ஈயம், சிறிய முள், மண்புழு அல்லது பிசைந்த மா. மிதப்பை மேலும் கீழும் நகர்த்தி, இரை தரைக்கு ஒரு சாண் மேலே நிற்கும்படி வைத்தால் போதும். மீன் கடிக்கும்போது மிதப்பு நடுங்குவதைக் கண்ணால் பார்க்கலாம் என்பதால் பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல பள்ளிக்கூடம் கிடையாது. ஆவணி, புரட்டாதியில் குளம் வற்றி மீன் ஒடுங்கும் காலம் சிறந்தது. மாரியில் வான் பாயும் இடத்தில் மீன் துள்ளுவதைப் பார்த்து மயங்கி இறங்காதீர்கள். அந்தப் பாசிக்கல்லில் கால் நிற்காது.

குளத்தின் குறை, அது பொறுமையை அதிகம் கேட்பதில்லை. திலாப்பியாவில் மட்டும் பழகியவர் வாவிக்கு வரும்போது நூலை எவ்வளவு இறுக்குவது, ரீலின் பிடியை எப்போது தளர்த்துவது என்பதையெல்லாம் மறுபடி தொடக்கத்திலிருந்து கற்க வேண்டியிருக்கும். விரால் இதற்கு விலக்கு. தாமரை இலைகளுக்கிடையே தவளை போன்ற ரப்பர் இரையை இழுத்து விராலைப் பிடிப்பதற்குக் கைத்திறன் வேண்டும். ஆனால் சிவந்த குஞ்சுக் கூட்டம் நீர்மட்டத்தில் கொதிப்பது போல் தெரிந்தால் அந்த இடத்தில் தூண்டில் போடாதீர்கள். கீழே காவல் நிற்கும் தாய் தந்தையை எடுத்துவிட்டால் அத்தனை குஞ்சும் மற்ற மீன்களுக்கு இரையாகிவிடும்.

குளம் யாருக்கும் சொந்தமில்லாத நீர் என்று நினைப்பது தவறு. பல குளங்களில் மீனவர் சங்கங்கள் குஞ்சு விட்டு வளர்க்கின்றன. ரோகு, கட்லா போன்ற கெண்டை வகைகள் அப்படித்தான் நம் குளங்களுக்கு வந்தன. இவற்றுக்கு வழிகாட்டுவது தேசிய நீரியல் உயிரின வளர்ப்பு அபிவிருத்தி அதிகாரசபை. மக்கள் வாயில் அது நக்டா. குளங்களில் 85 மில்லிமீற்றருக்குக் குறைந்த கண்ணுள்ள செவுள் வலை தடைசெய்யப்பட்டிருக்கிறது. தூண்டில்காரருக்கு அது நேரடியாகப் பொருந்தாவிட்டாலும், சிறு மீனை விட்டுவிட வேண்டும் என்ற அதே நியாயத்தை நாமும் ஏற்க வேண்டும். சேனநாயக்க சமுத்திரத்தைச் சுற்றியிருப்பது கல்ஓயா தேசிய பூங்கா. அங்கே வனசீவராசிகள் திணைக்களத்தின் அனுமதியில்லாமல் தூண்டிலோடு நுழைய முடியாது. எந்தக் குளமானாலும் அந்திக்கு முன் திரும்பிவிடுங்கள். யானை நீர் குடிக்க வரும் நேரம் அது.

கடற்கரை வீச்சு கண்ணுக்கு மிக அழகானது. நாவலடியில் விடியற்காலையில் நீண்ட கம்போடு நிற்கும் ஒருவரைப் பார்த்துத்தான் பலருக்கு இந்த ஆசையே வருகிறது. என்றாலும் தொடக்கத்துக்கு அதை நான் பரிந்துரைப்பதில்லை. பன்னிரண்டு அடிக்கு மேற்பட்ட கம்பு, பெரிய ரீல், அலை இழுக்காதபடி மணலைப் பற்றிக்கொள்ளும் கம்பிக்கால் வைத்த நூறு கிராம் ஈயம், எறியும் அதிர்ச்சியைத் தாங்க முன்னால் ஒரு தடித்த நூல் என்று செலவு கூடுகிறது. எறியத் தெரியாதவர் கையில் அந்த ஈயம் பறந்தால் பக்கத்தில் நிற்பவருக்கு ஆபத்து. இங்கே ஈயம் நுனியில் இருக்கும். முட்கள் அதற்கு மேலே பக்கக் கிளைகளில் தொங்கும். கிளக்கனுக்குச் சிறிய முள்ளும் மண்புழுவும் அல்லது இறால் துண்டும். பாரைக்கும் கட்டாவுக்கும் மீன் துண்டு. சீலா வரும் இடமென்றால் அதன் பல்லுக்கு ஈடாக முள்ளுக்கு மேல் மெல்லிய கம்பி.

மீன் எங்கே நிற்கும் என்பது அலையிலேயே எழுதியிருக்கும். வெள்ளையாக உடையும் இடம் மணல் திட்டு. இரண்டு வெள்ளைக்கு நடுவே கறுப்பாக, உடையாமல் கிடக்கும் பட்டை பள்ளம். பள்ளத்தின் விளிம்பில் இரையைக் கிடத்த வேண்டும். எவ்வளவு தூரம் எறிந்தோம் என்பதற்கு இதில் பெரிய மதிப்பில்லை. முப்பது மீற்றரில் பள்ளம் இருக்கும்போது எண்பது மீற்றர் எறிவது மீனைத் தாண்டி எறிவது. அந்தக் கறுத்த பட்டைதான் கரையிலிருந்து வெளியே இழுக்கும் நீரோட்டமாகவும் இருக்கலாம். மீனுக்காகப் பார்க்கும் இடத்தில் குளிக்க இறங்கக் கூடாது. கரைவலைக்காரர்களுக்கென்று பாடுகள், அதாவது வலை வளைக்கும் கரைப்பகுதிகள், உண்டு. அவர்கள் வலை வளைத்திருக்கும் நேரத்தில் அந்தப் பாட்டுக்குள் நூல் விடுவது முறையல்ல; தள்ளி நில்லுங்கள், அல்லது வலை இழுக்கக் கைகொடுங்கள்.

படகைப் பற்றிச் சுருக்கமாக. வாழைச்சேனையிலோ கல்முனையிலோ பொத்துவிலிலோ தெரிந்த ஒரு நானாவின் பைபர் படகில் முருகைக்கல் பக்கம் போய்க் கைத்தூண்டில் விடுவது பெரிய அனுபவம். களவாயும் விளைமீனும் அங்கே கிடைக்கும். ஆழம் கூடக் கூட அறுக்குளாவும் சூரையும். ஆனால் அங்கே படகுக்காரர்தான் மீனைக் கண்டுபிடிக்கிறார். நாம் நூலை மட்டும் பிடிக்கிறோம். ஒரு நாளில் நிறைய மீன் பிடித்துவிட்டு, கற்றது குறைவாகத் திரும்பலாம். உயிர்காப்பு அங்கி இல்லாத படகில் ஏறாதீர்கள். முதல் நாள் இரவே வளிமண்டலவியல் திணைக்களத்தின் கடல் அறிவிப்பைக் கேளுங்கள். நங்கூரத்தை முருகைக்கல்லின் மேல் போடாமல் மணலில் போடச் சொல்லுங்கள். முருகை உடைந்தால் களவாய்க்கு வீடில்லை.

சட்டத்தைப் பற்றி நிறைய வாய்வழிக் கதைகள் உலவுகின்றன. எல்லாவற்றுக்கும் அடிப்படை 1996ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடற்றொழில், நீரியல் வளச் சட்டம். வெடி வைப்பதும் நஞ்சு கலப்பதும் குற்றம். வெடியில் செத்த மீனை வைத்திருப்பதும் விற்பதும்கூடக் குற்றம் என்பதால், கரையில் மலிவாகக் கிடைத்தது என்று இரைக்கு வாங்கிவிடாதீர்கள். "தங்கூசி தடை" என்று சொல்லி ரீலில் தங்கூசி சுற்றப் பயப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். 2006இல் தடைசெய்யப்பட்டது தங்கூசியால் பின்னிய வலை. தூண்டில் நூல் வேறு. எனினும் அறுந்த தங்கூசியை நீரில் விட்டுவிட்டு வந்தால் நாமும் ஒரு சிறு தங்கூசி வலையைப் போட்டவர்களாகிறோம். பறவையும் ஆமையும் அதில் சிக்கும். சுருட்டிப் பையில் கொண்டுவாருங்கள்.

படகில் போகிறவர் சுறாவையும் தெரிந்துகொள்ள வேண்டும். உடம்பளவுக்கு நீண்ட வால் கொண்ட சுறாவைப் பிடிப்பது 2012 முதல் தடை. தூண்டிலில் வந்துவிட்டால் உயிரோடு விட வேண்டும். சிங்கி இறாலுக்கு மாசி, புரட்டாதி, ஐப்பசியை ஒட்டிய பெப்ரவரி, செப்டெம்பர், ஒக்டோபர் மாதங்கள் மூடிய காலம். முட்டை சுமக்கும் பெண்ணை எந்த மாதத்திலும் எடுக்கக் கூடாது. குறிப்பிட்ட ஓர் இடத்தில் அனுமதிப்பத்திரம் வேண்டுமா என்ற கேள்விக்கு அந்தப் பகுதிக் கடற்றொழில் பரிசோதகர்தான் சரியான ஆள். ஒரு முறை போய்க் கேட்டுவிட்டால் பிறகு மனம் குறுகுறுக்காமல் நிற்கலாம். ஒலுவில் போன்ற துறைமுகங்களின் அலைத்தடுப்புக் கற்களில் ஏறுமுன்பும் அங்கே பொறுப்பிலிருப்பவரைக் கேட்டே ஏறுங்கள்.

எந்த நீரில் நின்றாலும் இரண்டு மீன்களை முதல் நாளே அடையாளம் காணப் பழகுங்கள். கெளுத்தியின் முதுகிலும் இரு பக்கத்திலும் உள்ள முள் குத்தினால் கடுக்கும். கையால் பிடிக்காமல் குறட்டால் தூண்டில் முள்ளைக் கழற்றுங்கள். குத்திவிட்டால் தாங்கக்கூடிய அளவு சுடுநீரில் அந்த இடத்தை வைத்துக்கொண்டு வைத்தியரிடம் போங்கள். மற்றது பேத்தை. வயிற்றை ஊதிப் பெருக்கும் அந்த மீன் வாவியிலும் கடலிலும் கடிக்கும். அதன் நஞ்சு சமைத்தாலும் போகாது. அதற்கு மாற்று மருந்தும் இல்லை. ஈரலை எடுத்துவிட்டுச் சமைக்கலாம் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள், பூனைக்கும் போடாதீர்கள்.

வாவியென்று தீர்மானித்தவருக்கு வாங்க வேண்டியது அதிகமில்லை. ஏழு அடிக் கம்பு, நடுத்தர ரீல், நான்கைந்து கிலோ தாங்கும் நூல், அதன் முன்னே கட்டப் பத்துக் கிலோவுக்கு மேல் தாங்கும் தங்கூசி ஒரு சுருள், ஓடும் ஈயம் சில, சுழல் வளையம் சில, இரண்டு அளவில் முள், குறடு, தலையில் கட்டும் விளக்கு. இதே கம்பில் மெல்லிய நூலும் மிதப்பும் போட்டால் குளத்துக்கும் போகலாம். வாடைக் காலத்தில் ஆசை வந்துவிட்டவர்கள் இவற்றை வாங்கி வைத்துக்கொண்டு, முற்றத்தில் முள்ளில்லாமல் ஈயத்தை மட்டும் கட்டி ஒரு வாளிக்குள் எறிந்து பழகலாம். முள் கட்டும் முடிச்சை, நூலை ஐந்தாறு முறை சுற்றி, எச்சிலால் நனைத்து, மெல்ல இறுக்கி, இருட்டிலும் கட்ட வரும்வரை கட்டிப் பாருங்கள். கொடுவா கடிக்கும் நேரம் பெரும்பாலும் இருட்டுத்தான்.